மைனாவின் பொத்தான்கள்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் உங்கள் பெரியவனும் நலமா? முதலில் நல்ல செய்தி. என் மகள் மைனாவுக்கென்று தனியாக ஓர் உதவியாளரைத் தருவதாகப் பள்ளியில் சொல்லிவிட்டார்கள், நாள் முழுக்க. போன வருடம் நான் தனியாகப் போய் நின்றபோது, பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று காபி கொடுத்து அனுப்பியவர்கள் இவர்கள். எங்களைப் போன்ற அம்மாக்களுக்காகக் கூடவே வந்து பேச நீங்கள் இருப்பதால் பிழைத்தோம்.

ஆனால் ஒரு விஷயம் மனத்தை அரிக்கிறது. பள்ளியில் அந்தக் கூட்டத்துக்குள் நுழையும் முன், "காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். அந்தப் பொன்னை இன்னிக்கு வீட்டிலேயே வச்சுட்டு வா. முடியாததை மட்டும் சொல்லு" என்றீர்கள். சொன்னேன். கடிப்பதை, சாலையில் ஓடுவதை. அதெல்லாம் உண்மை. உடை உடுத்துவதைப் பற்றிக் கேட்டபோது, ஒரு பொத்தான்கூடப் போடத் தெரியாது என்றேன். அது பொய். நாக்கைத் துருத்திக்கொண்டு தானாகவே போடுவாள். நேரம்தான் ஆகும். பேக்கரி வேலைக்கு நேரமாகிறதே என்று நான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அப்போது அவள் என் காலடியில் உட்கார்ந்து கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாய் பேசாத பிள்ளைக்கு என்ன புரியப்போகிறது என்று இருந்துவிட்டேன். மறுநாளிலிருந்து அவள் பொத்தானைத் தொடுவதே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து என் முன்னால் வந்து நிற்கிறாள். கோபமில்லை, அழுகையில்லை. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல நிற்கிறாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள் அக்கா. பிள்ளையை வெளியே உட்கார வை என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கைக்கு,

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைக்கிறாளே என்று நினைத்தேன். அன்று நான் வேலை பார்க்கும் பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, ஒருவரைக் கூப்பிட்டு இன்னொருவரை உள்ளே அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் ஏன் அவ்வளவு கோபம் என்று புரிந்தது. நீ சொன்னது சரி.

யாரைப் பார்க்க வேண்டும், எதை விடாமல் கேட்க வேண்டும் என்று எத்தனையோ அம்மாக்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பிள்ளையை வெளியே விடு என்று ஒருத்திக்கும் சொன்னதில்லை. என் பெரியவனுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, மடியில் வைத்துக்கொண்டே அவனைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் பேசியிருக்கிறேன். ஒன்றும் எட்டாது என்ற தைரியம். அந்தப் பழக்கத்தைத்தான் உனக்கும் தொற்றவைத்துவிட்டேன்.

நேற்று அவனிடம் மைனாவைப் பற்றிச் சைகையில் சொன்னேன். உனக்கு அந்தக் கூட்டங்கள் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். குழாய் வேலை முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு பதில் சொன்னான்: "நீ பேசினது கேக்கல. உன் மூஞ்சியைப் பாத்துட்டுதான் இருந்தேன்." மறுபடி தட்டில் கை வைத்துவிட்டான்.

மைனாவுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அம்மாடி. எந்தத் தாய்க்கும் நான் இப்படி எழுதியதில்லை. ஆனால் பள்ளிக்குப் போய் மாற்றிச் சொல்லிவிடாதே. கொடுத்த கையாலேயே பிடுங்கிக்கொள்வார்கள்.

முடிந்தால் என்னை மன்னித்துவிடு.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்கவில்லை. போனேன். அதே அறையில் மைனாவை என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு, "பொத்தான் போடத் தெரியாதுன்னு சொன்னது பொய். அவ நல்லாவே போடுவா. எனக்குத்தான் பொறுமை இல்ல" என்றேன். தலைமை ஆசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மைனா மேசைக்கு அடியில் என் செருப்பை மிதித்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் பயந்ததில் பாதி நடந்துவிட்டது. உதவியாளர் இனி மதியம் வரைதான். அதற்கு மேல் நானே அவள் வகுப்பில் போய் உட்கார வேண்டும். பேக்கரி முதலாளி முணுமுணுத்துக்கொண்டே என் வேலை நேரத்தை மாற்றினார்.

உங்கள் மேல் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஆனால் சொன்ன வாய் என்னுடையதுதானே. ரொட்டி வாங்க வரும் ஓர் அம்மா, தன் மகனுக்காக யாரைப் பார்ப்பது என்று கேட்டாள். உங்கள் விலாசத்தைத்தான் கொடுத்தேன்.

பள்ளிக்குப் போய் வந்த பிறகும் மைனா கையை விரித்துக்கொண்டுதான் நின்றாள். நானும் போட்டுவிட்டேன். இன்று காலை குனிந்தபோது என் கையைத் தட்டிவிட்டாள். என் முகம் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தானே போட ஆரம்பித்தாள். பேக்கரிக்கு நேரமாகிவிட்டது. நான் தரையில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பியபோது சட்டை ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நான் சரிசெய்யவில்லை. அப்படியே பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

தங்கை