மேடையில் வாசித்த பெயர்

பிப்ரவரி 3, செவ்வாய்

இந்த நோட்டு யார் கையிலாவது கிடைத்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கோட்டின் மேல்தான் ஆரம்பிக்கிறேன். வரி முடிவதற்குள் எழுத்தெல்லாம் மேலே ஏறிப் போய்விடுகிறது. ஒரு 'ழ' போட ஒரு மூச்சு வேண்டியிருக்கிறது. ஆனாலும் இது என் கை எழுதியது. நாற்பது வருடமாகக் கூட்டங்களுக்கு மைக் செட் போடுகிறேன். எல்லாக் கட்சிக்காரர்களின் பேச்சையும் ஊர் முழுக்கக் கேட்க வைத்தவன் நான். எனக்கென்று ஒரு வரி இன்றுதான்.

பிப்ரவரி 5

பகலில் பள்ளிக்கூடம் நடத்திவிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்கு வயதான எங்கள் பதினொரு பேருக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார் டீச்சர். இன்று மனு எழுதும் பாடம். "முழுப் பேர், முழு விலாசம், தேதி மூணும் இருக்கணும்யா. இல்லன்னா குப்பைக்கூடைதான்" என்றார்.

வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் அவர் அம்மாவிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "நாலு மாசமா சம்பளம் வரலம்மா. தலைநகர்ல இருக்கறவங்களுக்கு மட்டும் ஒண்ணாந்தேதி ஆனா வந்துடுது. மாற்றல் கேட்டுடலாம்னு இருக்கேன்."

அவர் போனால் வகுப்பு அவ்வளவுதான். விரல் வைக்காமல் பேப்பர் படிக்க இன்னும் எனக்கு வரவில்லை.

பிப்ரவரி 6

டீச்சர் போகக் கூடாது.

பிப்ரவரி 9

சனிக்கிழமை எதிர்க்கட்சித் தலைவர் வருகிறார். மைக் நம்முடையது. மனு எழுதப் போகிறேன் என்றதும் வீட்டுக்காரி, "ரேஷன் கார்டுல தப்பா இருக்கற என் வயசைத் திருத்த ஒரு மனு எழுதுங்கன்னு நாலு நாளா சொல்றேன். அதுக்குக் கை வலிக்குது, இதுக்கு வலிக்கலையா" என்றாள். நியாயம்தான். அடுத்தது அவளுடையது.

பிப்ரவரி 14, சனி

மைக்கைத் தலைவரின் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டே மனுவைக் கையில் கொடுத்தேன். "நீங்களே எழுதினதா பெரியவரே?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

நன்றாகப் பேசினார். நாற்பது வருடத்தில் நான் இப்படிக் காது கொடுத்துக் கேட்ட பேச்சு குறைவு. "தலைநகர்ல வகுப்புக்கு ஒரு ஆசிரியர். இங்க பல ஊர்ல அஞ்சு வகுப்புக்கு ஒருத்தர். அங்க ஒண்ணாந்தேதி சம்பளம். இங்க சம்பளம் என்னைக்கு வருதோ அன்னைக்குத்தான் ஒண்ணாந்தேதி. தூரமா வந்து வேலை செய்யறவங்களுக்குத்தான் படி கூடுதலா கொடுக்கணும். இவங்க தலைநகரை விட்டு நகராதவங்களுக்குக் கொடுக்கறாங்க. அப்புறம் இந்தப் பக்கத்துப் பிள்ளைங்க படிக்கலன்னு குறை சொல்றாங்க."

பிறகு என் மனுவைப் பிரித்து, டீச்சரின் பெயரையும் பள்ளிக்கூடத்தையும் வாசித்தார். அந்த இடத்தில் சத்தத்தை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன்.

பிப்ரவரி 16

டீச்சருக்கு மெமோ. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் எதிர்க்கட்சி மேடைக்குப் புகார் கொடுத்தது ஏன் என்று ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டுமாம்.

"யாருய்யா என் பேரைப் போட்டுக் கொடுத்தது?"

நான்தான் என்றேன். மனு அவருக்காக எழுதியது, அதனால் கீழே அவர் பெயர், அவர் விலாசம். என் பெயரைப் போடத் தோன்றவே இல்லை.

"முழுப் பேர்னு சொன்னது எழுதறவங்க பேரைய்யா" என்றார். திட்டியிருந்தால் தேவலை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன புத்தி எனக்கு? சத்தம் வேறு கூட்டினேனே. யார் கூட்டச் சொன்னது?

பிப்ரவரி 18

கல்வி அலுவலகம் போனேன். எதிர்க்கட்சித் தலைவர் அனுப்பி வைத்த என் மனு அதிகாரியின் மேசையில் இருந்தது. மனு எழுதியது நான் என்றதற்கு அதிகாரி சிரித்தார். "எங்க ஆபீஸ் விழாவுக்கு மைக் போட்ட பில்லுல முப்பது வருஷமா ரேகை வச்சுட்டு வர்றீங்க. யாரைக் காப்பாத்தறீங்க? அந்தம்மா இடது கையால எழுதியிருப்பாங்க."

"பேப்பர் கொடுங்க சார்" என்றேன்.

கொடுத்தார். மனுவை முதலிலிருந்து எழுதினேன். முக்கால் மணி நேரம். அதிகாரி இரண்டு முறை கடிகாரம் பார்த்தார், ஒரு முறை வெளியே போய் வந்தார். பக்கத்தில் நின்ற குமாஸ்தா, "சார், இதுவும் அதே மாதிரி மேலதான் ஏறுது" என்றார். இந்த முறை கீழே என் பெயர்.

பிப்ரவரி 20

மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். டீச்சர் வகுப்புக்கு வந்தார். பாடம் மட்டும் நடத்தினார்.

பிப்ரவரி 25

டீச்சருக்கு நாலு மாதச் சம்பளமும் சேர்ந்து வந்துவிட்டது. அவருக்கு மட்டும். இந்த வட்டாரத்தில் மீதி முப்பத்தாறு ஆசிரியர்களுக்கு ஒன்றும் இல்லை.

பேப்பரில் அமைச்சர் சொல்லியிருக்கிறார். விரல் வைத்து நானே படித்தேன். 'மேடையில் பெயர் வாசிக்கப்பட்ட ஆசிரியைக்குச் சம்பளப் பாக்கி ஏதும் இல்லை. எதிர்க்கட்சித் தலைவர் சொன்னது பொய்.' இதைப் படிக்கவா அறுபத்தொன்பது வயதில் எழுத்துக் கற்றேன்! பேப்பரைக் கசக்கிப் போட்டுவிட்டு, மறுபடி எடுத்து நீவிப் படித்தேன். அப்படியேதான் இருந்தது.

டீச்சர் சொன்னார்: "ஸ்டாஃப் ரூம்ல யாரும் என் பக்கத்துல உக்கார்றதில்லைய்யா. நான் மட்டும் சொல்லி வாங்கிட்டேன்னு நினைக்கறாங்க." மாற்றல் விண்ணப்பத்தை எழுதிப் பையில் வைத்திருக்கிறாராம்.

பிப்ரவரி 27

தூக்கம் சரியில்லை. கை கால் நன்றாக இருக்கிற முப்பத்தாறு படித்தவர்கள். ஒருவர் பெயர் மேடையில் வந்தால்தான் ஒருவருக்குச் சம்பளமா?

மார்ச் 4, புதன்

சாயங்காலம் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்தார். கூடவே டீச்சரும். தலைமையாசிரியர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"நாங்க கையெழுத்துப் போட்டா மெமோ வரும். உங்களுக்கு யார் மெமோ கொடுக்கப் போறாங்க?"

"அவருக்குக் கொடுக்கறதுக்கு நான் இருக்கேன்" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரி சொன்னாள். அவளுடைய ரேஷன் கார்டு மனு இன்னும் பாக்கி. டீச்சர் சிரித்தார். மெமோ வந்த நாளிலிருந்து பார்க்காத சிரிப்பு.

பட்டியலை நீட்டினார் தலைமையாசிரியர். யோசனை டீச்சருடையதாம். முப்பத்தாறு பேர், அவரவர் பள்ளிக்கூடத்தோடு. வேறு யாராவது எழுதினால் கையெழுத்தை வைத்துப் பிடித்துவிடுவார்கள். என் எழுத்து யாருடையது என்று அலுவலகத்துக்கே தெரியும். எதிர்க்கட்சித் தலைவர் பத்து நாளில் பக்கத்து ஊருக்கு வருகிறார். அங்கேயும் மைக் நான்தான்.

விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டீர்களா என்று டீச்சரிடம் கேட்டேன். "இவ்வளவு பேரையும் நீங்க எப்படி எழுதறீங்கன்னு பார்த்துட்டுக் கொடுக்கறேன்" என்றார்.

முதலில் என் பெயரையும் விலாசத்தையும் எழுதினேன். பிறகு ஒவ்வொருவராக. ஒன்பது பேர் ஆயிற்று, விரல் மரத்துவிட்டது. மீதி இருபத்தேழு பேரை அடுத்த வாரம் எழுதுகிறேன்.