நெட்டையன் விதி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டிவலிதான் விடவில்லை, தைலம் வாங்கி வைத்தால் அது பத்திரமாக அலமாரியில் இருக்கிறது, வலி மட்டும் வீடெல்லாம் நடக்கிறது. போனில் சொல்ல எனக்கு வாய் வராத ஒன்று இருப்பதால் கடிதம் எழுதுகிறேன்.

நம் ஊர்க் காய்கறி, கால்நடைக் கண்காட்சிக்கு இது ஐம்பதாவது வருடம். அதற்காகப் போடும் விழா மலரில் கண்காட்சியின் வரலாற்றை எழுதும் வேலையைச் செயலாளர் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் நாலு பூசணிக்காயும் இரண்டு ஆடுமாக ஆரம்பித்தது, தையல்காரர் ஒருவர் காய்கறிக் கடையில் வாங்கிய பூசணியைத் தன் தோட்டத்துக் காய் என்று காட்டிப் பரிசு வாங்கி, அதிலிருந்த கடைக்காரரின் சுண்ணாம்புக் குறியால் மாட்டிக்கொண்டது எல்லாம் மளமளவென்று எழுதினேன். இருபத்தெட்டாம் வருடத்தில் கை நின்றுவிட்டது.

அந்த வருடம் உனக்குப் பத்து வயது. கண்காட்சியன்று காலையில் தொழுவத்திலிருந்து ஓடி வந்து, அம்மா மாடு எச்சிலா ஒழுகுது, காலை உதறுதுன்னு சொன்னாய். பரிசு ஆசையில் என் கண் அவிந்துபோயிருந்தது. உப்புத்தண்ணீரால் அதன் வாயைக் கழுவித் துடைத்தேன், யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னு உன்னை அதட்டி, மாட்டை ஓட்டிப்போய் முதல் பரிசும் வாங்கினேன். பத்தே நாளில் ஊர் முழுக்கக் கோமாரி. கன்றுகள் மட்டும் பதினொன்று செத்தன. அன்று கண்காட்சிக்கு மாடு கொண்டுவந்திருந்த, சந்தை சந்தையாகச் சுற்றுகிற மாட்டு வியாபாரி நெட்டையன்தான் நோயைக் கொண்டுவந்தார் என்று எல்லோரும் சொன்னபோது, எங்க மாட்டுக்கும் கண்காட்சியிலதான் ஒட்டிக்கிச்சு என்று நானும் கூடச் சேர்ந்து சொன்னேன். அதற்குப் பிறகு அவரை மைதானத்துக்குள் விடவேயில்லை. மறுவருடம் முதல் வாசலிலேயே மாட்டின் வாயும் குளம்பும் பார்க்க வேண்டும் என்று விதி வந்தது, அதற்கு நெட்டையன் விதி என்று பெயரே வைத்துவிட்டார்கள். இத்தனை வருடமும் அந்தப் பெயரை ஒலிபெருக்கியில் படித்தவள் நான்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது கண்ணு.

அப்பாவிடம் போன வாரம்தான் சொன்னேன். எழுந்து தொழுவத்துக்குப் போனவர் சாப்பிடவும் வரவில்லை. பால் சங்கத் தலைவரோ, வெளியூர் மாட்டால நோய் வந்துச்சுன்னு ஒரு வரி போட்டு முடிங்க, மலர்ல எதுக்கு வம்பு என்கிறார். முந்தாநாள் நெட்டையனைப் போய்ப் பார்த்தேன். படுத்த படுக்கையாக இருக்கிறார். நான் சொல்லத் தொடங்கியதுமே, தெரியும்க்கா, உங்க மாட்டுக்குப் பக்கத்துலதான நான் நின்னேன், சந்தைக்காரன் சொன்னா யாரு கேட்டிருப்பா என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. எழுதுறதா இருந்தா சீக்கிரம் எழுதுங்க, படிச்சுக் காட்டினா கேக்க நான் இருக்கும்போதே வரட்டும் என்று மட்டும் சொன்னார்.

எழுதிவிட்டேன். என் பெயரைப் போட்டு, விதியிலிருந்து அவர் பெயரை எடுத்துவிடும்படியும் கேட்டு, காலையில் அச்சகத்தில் கொடுத்தாயிற்று. உன்னைப் பற்றி ஒரு எழுத்துகூட அதில் இல்லை.

குளிருக்குக் குழந்தையின் காதை மூடி வை, வேலை வேலையென்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. நீங்கள் மூவரும் நிறைவாக இருக்க வேண்டும். மலர் வந்ததும் ஊரிலிருந்து யாராவது போன் போட்டு, உங்க அம்மா எழுதினது நிஜமா என்று கேட்பார்கள். எனக்காக மறைக்காதே, நீ பார்த்ததைச் சொல்.

உன் அம்மா