டேப் நகர்ந்த நாலடி

ட்ரெலானி,
செப்டம்பர் 28

அன்பு மகள் ஒனீக்காவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாளே சேதி சொல்லிவிடுகிறது, முப்பது வருஷம் தரையில் மண்டியிட்டு டைல்ஸ் போட்டவனுக்கு அதெல்லாம் சகஜம். நீயும் ஃப்ளோரிடாவில் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடிகிறது, ஐந்து வாரமாக நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் மட்டும் சாப்பிட்டேன் தூங்கினேன் என்று ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். காகிதமாவது நடுவில் துண்டிக்காமல் கேட்கும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது, ரெண்டும் கறுப்பு. புயல் வடக்கே திரும்பிப் போய்விட்டது, யாம் கிழங்குக் கொடிக்கு ஒன்றும் ஆகவில்லை. உன் சித்தி மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று, பாஸ்டருக்குத்தான் அந்தச் சனிக்கிழமை வேறு எங்கோ சவ அடக்கம் இருக்கிறதாம், எதை முன்னால் முடிப்பது என்று ரெண்டு வீட்டுக்காரர்களும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நீ ஏன் எடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். உலகப் போட்டி ரிலே அன்றைக்கு மாஸ் க்ளோவிஸ் கடையில் டிவி முன்னால் நிற்க இடமில்லை. ஜெயித்ததும் தெருவில் இறங்கித் தட்டுவதற்கென்று பெண்கள் எல்லாம் வீட்டிலிருந்து சட்டிமூடியோடு வந்திருந்தார்கள், அம்மா பெரிய இரும்புச் சட்டியின் மூடியையே தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்றாவதாக வளைவில் ஓடிய டாலியா மற்ற எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு வந்தாள், கடைசி ஆளாக நீ கையை நீட்டி அந்தப் பேட்டன் கட்டையை வாங்கிக்கொண்டு போனால் முடிந்தது. நீ கிளம்பவில்லை. அவள் உன் முதுகில் வந்து முட்டுகிற மாதிரி ஆன பிறகுதான் நகர்ந்தாய், பேட்டன் கை மாறும்போது ரெண்டு பேரும் சந்தைக்கு நடக்கிறவர்கள் மாதிரி இருந்தீர்கள். அதற்குப் பிறகு நீ ஓடின ஓட்டத்தைப் பார்த்து எனக்கு மூச்சே நின்றுவிட்டது, ஆனாலும் ஒரு நொடியில் நூற்றில் நாலு பங்கு வித்தியாசத்தில் தங்கம் போய் வெள்ளி வந்தது. வேறு நாடாக இருந்தால் வெள்ளிக்கு ஊர்வலம் விடுவார்கள். இங்கே சட்டிமூடிகள் சத்தமில்லாமல் வீடு திரும்பின. மைக்கின் முன்னால் நீ என் தப்புதான், நான் லேட்டாகக் கிளம்பினேன் என்று மட்டும் சொன்னாய், டாலியா பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று நான் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்தாய். அழுதாயா, சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டிய வாய், ஏம்மா நின்னுக்கிட்டே தூங்கிட்டியா என்று கேட்டது. ஆமாப்பா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசினது.

அந்த ஆமாப்பா என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து நீ கிளம்புகிறதைப் பார்த்தவன் நான், சீக்கிரம் கிளம்பித் திட்டு வாங்கியிருக்கிறாய், ஒரு நாளும் நீ தாமதமாகக் கிளம்பினதில்லை. அதனால் போனில் அந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டது கூடக் காதில் விழவில்லை. உனக்குத் தெரியாததா, ஆனாலும் என் புத்தியில் எப்படிப் பட்டது என்று சொல்கிறேன். நீ நிற்கிற இடத்திலிருந்து பின்னால் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்டப் பாதம் வைத்து எண்ணிப் போய் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டுகிறாய், வருகிறவள் அதை மிதித்ததும் நீ முன்னால் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டு பறக்க வேண்டும். நான் கவனித்துப் பார்த்தேன், டாலியா டேப்பை மிதித்த அதே நொடியில் நீ கிளம்பியிருக்கிறாய். அப்படியானால் நீ தூங்கவில்லை. நீ சரியாகத்தான் கிளம்பினாய், டேப்தான் தப்பான இடத்தில் இருந்தது.

இது தெரிந்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாஸ்டரிடம் கேட்டு சபைக் கூடத்தில் பாட்டு வரிகளைக் காட்டுகிற அந்தப் பெரிய திரையில் படத்தை நிறுத்தி வைத்து அளவுநாடாவோடு ஏணியில் ஏறினேன். ஓடுகிற பாதை ஒன்றின் அகலம் நாலடி என்று எல்லோருக்கும் தெரியும், அதை ஒரு டைல் என்று வைத்துக்கொண்டால் தூரப்போகத் தூரப்போக அது எவ்வளவு சிறுத்துத் தெரியும் என்பது எனக்கு மனப்பாடம், அந்தக் கணக்கிலேயே அளந்தேன். முதல் நாள் தகுதிச் சுற்றில், இதே டாலியா, இதே நீ, டேப் இருபத்தேழு பாதத்தில் இருந்தது. மறுநாள் இறுதியில் இருபத்திரண்டு. உன் பாதம் பத்து அங்குலம், ஐந்து பாதம் என்றால் நாலடிக்கு மேல் உன் பக்கம் நகர்ந்து வந்திருக்கிறது. பாட்டுப் பயிற்சிக்கு வந்த பாஸ்டர் மனைவி என்னை ஏணியில் பார்த்துவிட்டு, சகோதரர் எவர்ட்டன், சுவருக்கு டைல்ஸ் ஒட்டப் போறீங்களா, நாங்க கேக்கவே இல்லையே என்றார். நீ வேறு ஷூவைப் போட்டு அளந்திருப்பாயோ என்று யோசித்தேன், கணக்குப் போட்டால் அதில் ஓரடிதான் வித்தியாசம் வருகிறது. வெளிப்பாதையில் வளைவு மாறுமோ என்று பார்த்தேன், ரெண்டு நாளும் ஆறாம் பாதைதான். பயந்து நகர்த்தினாய் என்றால் பயந்தவள் வெள்ளியைப் பிடிக்க அப்படி ஓட மாட்டாள். எத்தனை யோசித்தும் மிச்சம் ஒரு கேள்விதான் நின்றது, இந்தப் பெண் தெரிந்தே ஏன் நகர்த்தினாள்?

கடைசியில் ஓடியே பார்த்துவிடுவது என்று அம்மாவைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். கையில் பேட்டனுக்குப் பதில் ஒரு முழம் தண்ணீர்க் குழாய். உனக்கு டைல்ஸுக்கு ஆள் இல்லைன்னா சொல்லு, ஓடுறதுக்கு எதுக்குய்யா என்னைக் கூப்பிடறே என்று திட்டிக்கொண்டே வந்தாள், ஆனால் பாவாடையைச் செருகிக்கொண்டு நின்றதும் ஆளே மாறிவிட்டாள், உனக்கு இந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, என் பக்கத்திலிருந்து இல்லை. மூன்று தரம் கொடுத்தாள், மூன்றும் சரியாக வந்தது. நாலாவது தரம் பாதி வழியில் குழியில் காலை வைத்துவிட்டு நொண்டிக்கொண்டே கத்தினாள், "யோவ், இருய்யா, முன்னாடி போயிடாதே, எனக்குக் காலு புடிச்சிருச்சு." நான் நின்றுவிட்டேன். அவளுக்காக மட்டும் நின்றதில்லை அது. டேப் ஏன் நகர்ந்தது என்று அந்த இடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் கால் இப்போது சரியாகிவிட்டது, ரெண்டு நாள் நான்தான் சமைத்தேன், அதைத்தான் அவள் இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

ஆனால் அது என் ஊகம்தானே. போன வியாழக்கிழமை டாலியா தானாகவே வீட்டுக்கு வந்தாள். அவள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி அவளுக்குக் கை தட்டினார்களாம், வளைவில் அப்படி ஓடினதற்கு, அந்தச் சத்தம் தாங்காமல் பஸ் ஏறி வந்துவிட்டேன் என்றாள். அம்மா ஆக்கிப் பழமும் உப்புமீனும் வதக்கி வைத்துக் கொடுத்தாள், தொடவில்லை. நான் என் காகிதத்தை விரித்தேன், கோடு, கணக்கு, இருபத்தேழு, இருபத்திரண்டு எல்லாம். அவள் அந்த இருபத்திரண்டின் மேல் விரலை வைத்தாள். சொன்னாள், "இருபத்திரண்டு இல்ல அங்கிள், இருபத்தொண்ணு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். தொடை புடிக்குது நீக்கா, முன்னாடியே கிளம்பிடாத, என்னால உன்னை எட்ட முடியாதுன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன். கோச்கிட்ட சொல்லாதன்னும் சொன்னேன், சொன்னா வேற பொண்ண இறக்கிடுவாங்க. அவ ஒண்ணுமே கேக்கல. மண்டி போட்டு டேப்பைப் பிச்சு எடுத்து மறுபடி ஒட்டுனா." துப்பாக்கி வெடித்த பிறகு வலி எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லையாம், பிறந்ததிலிருந்து அவ்வளவு வேகமாக ஓடினதில்லையாம். அதனால் பார்த்தவர்களுக்கு அவள் புலி, நீ தூங்குமூஞ்சி. மைக்கின் முன்னால் வாயைத் திறக்கவேண்டும் என்று நினைத்தாளாம், நீ முந்திக்கொண்டு என் தப்பு என்று சொன்னதும் அவளுக்கு நாக்கு எழவில்லை, அதற்கப்புறம் ஐந்து வாரமும் எழவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் மகள் பேர் கடை கடையாக நாறுகிறது, நீ மாலை வாங்கிக்கொண்டு இருக்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன், அம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். மிதித்தது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் நான் ஒன்று உன்னிடம் சொல்லவில்லை. அன்றைக்குக் கடையில் மாஸ் க்ளோவிஸ், என்ன எவர்ட்டன், உன் பொண்ணு நின்னுக்கிட்டே குறட்டை விடுதே என்றபோது நான் அவனை அடிக்கவில்லை, எழுந்து வரவும் இல்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அதோடு விடாமல், சின்ன வயசுலயே பள்ளிக்கூட பஸ்ஸை விட்டுடுவா என்று நானே எடுத்துக் கொடுத்தேன். நீ ஒரு நாளும் பஸ்ஸை விட்டதில்லை. தலை குனியாமல் இருக்க வேண்டுமே என்று கூட்டத்தோடு சேர்ந்து உன்னை விற்றுவிட்டேன். டாலியா பேசாமல் இருந்தாள், நான் பேசியே செய்தேன், எங்கள் ரெண்டு பேரில் யார் மோசம் என்று நீதான் சொல்ல வேண்டும். மன்னித்துக்கொள் மகளே. கடையில் இன்னும் நான் எதையும் சொல்லவில்லை, நாக்கு அரிக்கிறது, ஆனால் நீ கட்டிக் காத்ததை அவிழ்க்கிற உரிமை எனக்கு இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. இருபத்தொன்றா, இருபத்திரண்டா? டாலியா சத்தியம் செய்கிறாள், என் கணக்கும் தப்பாது. அது மட்டுமில்லை, அவ்வளவு பெரிய மைதானம், அத்தனை ஆயிரம் பேர், அந்த நேரத்தில் மண்டி போட்டு டேப்பைப் பிய்க்கும்போது தங்கம் போகும் என்று உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் ஒட்டினாயா, இல்லை டாலியா தட்டுத் தடுமாறி வருவாள், எப்படியும் சமாளிக்கலாம் என்று நினைத்தாயா? குற்றம் பிடிக்கக் கேட்கவில்லை, உள்ளுக்குள் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசை. நான் எத்தனை வருஷம் மண்டி போட்டிருக்கிறேன், அப்படி ஒரு காரியத்துக்காக ஒரு தரம் கூடப் போட்டதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கடையில் பெட்டியில் விற்கிற கோழியாகவே தின்றுகொண்டு இருக்காதே, அம்மா சர்க்கரைவள்ளிப் புட்டிங்கும் கஷாயத்துக்குச் செராசி இலையும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், இலையைக் கசக்கிறது என்று கொட்டிவிடாதே. கர்த்தர் உன் கால்களையும் உன் மனதையும் காப்பாராக, உன் போக்கிலும் வரத்திலும் கூட இருப்பாராக. பயிற்சி திங்கட்கிழமை தொடங்குகிறதாமே. கோச்சிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், குழுவிலிருந்து எடுத்தாலும் சரி என்றாள் டாலியா, நான்தான் முதலில் ஒனீக்காவிடம் கேள், பிறகு சொல் என்றேன். மறந்துவிடாதே, இந்தக் காகிதத்தை உன் கையில் கொடுத்தவள் கொடுத்துவிட்டுப் போகமாட்டாள். நீ வாசித்து முடிக்கிறவரை வெளியிலேயே நிற்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறப் போகிறாள். நான் நீட்டி எழுதிவிட்டேன், அங்கே வெயிலும் அதிகம். போய்க் கதவைத் திற.

இப்படிக்கு,
உன் அப்பா
எவர்ட்டன் பின்னக்