பாப்போம் என்றால் ஆட்டுரல்

அன்புள்ள மைமூன் ராத்தா,

போன இடத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்களோ தெரியாது. சும்மா உட்கார்ந்திருக்க மாட்டீர்கள் என்பது மட்டும் தெரியும். இங்கே ஒரு பெரிய சண்டை நடந்து ஓய்ந்திருக்கிறது. அதை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

ஐந்து குடும்பம், ஒரே உலை என்று சீவலப்பேரிக்குப் பக்கத்தில் நாம் சேர்ந்து வாழ வந்தபோது ஊரே சிரித்தது, நினைவிருக்கிறதா? "சைவ வீட்டு டீச்சரும் மேலப்பாளையத்து அம்மாவும் ஒரே சட்டியிலயா திங்காவ?" என்று பஸ்ஸில் என் காதுபடவே பேசினார்கள். பேசியவர்களுக்கும் ஒரு நாள் இலை போட்டோம். பேச்சு அடங்கியது.

நம்மைப் படுத்தியது ஊர் வாய் இல்லை, நம் வாய்தான். மோட்டார் பழுதானபோது யார் போய் ஆள் கூட்டிவருவது என்று கேட்டால் ஆளாளுக்கு "பாப்போம்" என்றோம். கத்தரி காய்ந்து போயிற்று. அன்றைக்கு நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். "இனிமே முடியும், முடியாது, ரெண்டுல ஒண்ணு சொல்லணும். பாப்போம்னு சொன்னா மறுநா மாவாட்டணும். கிரைண்டர்ல இல்ல, ஆட்டுரல்ல."

செல்வம் அண்ணாச்சி விடுவாரா? "நீங்க மட்டும் இன்ஷா அல்லாஹ்ங்கியளே, அது என்னவாம்?" என்று மடக்கினார். நீங்கள் அசரவில்லை.

"அது அல்லாட்ட விடுதது அண்ணாச்சி. இது அடுத்தவ தலையில கட்டுதது."

நீங்கள் கண்ணை மூடிய பிறகு ஆட்டுரல் சும்மா கிடந்தது. எல்லாரும் திருந்திவிட்டோம் என்று நினைத்தேன். தட்டிக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

போன வாரக் கூட்டத்தில் அண்ணாச்சி எழுந்து, "இனி அவங்கவங்க வீட்ல அடுப்பு வச்சுக்கிடுவோம்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. உலை பிரிந்தால் நாமும் பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பவர்கள்தானே, வேறென்ன? "காரணத்தச் சொல்லுங்க" என்று கத்தினேன். பதிலுக்கு அவர் மனைவி மேரி எழுந்தாள். உவரியிலிருந்து வந்த நாளாக அவள் குரல் உயர்ந்து நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

"ராத்தா சோறு வடிச்ச முறைநாளையும் சேத்து இப்ப நாந்தான் வடிக்கேன். கை ஓஞ்சு போச்சு. யாராவது ஏத்துக்கிடுங்கன்னு எத்தன தடவ கேட்டேன்? எல்லாரும் என்ன சொன்னீய?"

நாங்கள் சொன்னது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லையே.

மேரி அழுதாள். நானும் அழுதேன். பிறகு எழுந்து போய் அரிசியை ஊறப்போட்டேன்.

மறுநாள் ஆட்டுரலுக்கு முன்னால் நாங்கள் எல்லாரும் வரிசையில் நின்றோம். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரெல்லாம் மாவு தெளித்தார். மேரி நாற்காலி போட்டு உட்கார்ந்து, "பைய ஆட்டுங்க, மாவு உரலுக்குள்ளயும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று அதிகாரம் செய்தாள். அதற்கடுத்த நாள் தோசை தடியாக வந்தது. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து தின்றோம்.

"அப்ப அடுப்பு வாங்கவா, வேண்டாமா?" என்று அண்ணாச்சி அவளைக் கேட்டார்.

"வேண்டாம். ஆனா ராத்தா முறைநாள யாரு எடுத்துக்கிடுவா? அதச் சொல்லுங்க மொதல்ல."

நான் எடுத்துக்கொண்டேன், ராத்தா. எனக்குக் குழம்பு கூட்டத் தெரியாது என்று நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரியுங்கள். உப்புக் கூடும், குறையும். உலை பிரியாது. நீங்கள் இல்லாத அடுப்படிதான், ஆனாலும் நிற்பேன்.

நாளைக்கு என் முதல் முறை. மேரியிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். அவளே சிரித்துவிட்டாள், இந்தச் சைவ வீட்டு வாயில் அது வந்ததைக் கேட்டு.

இன்ஷா அல்லாஹ், நான் வடிப்பேன்.

உங்களோடு ஒரே சட்டியில் தின்ற தங்கச்சி,
சிவகாமி