ஐந்தாம் நாள் மஞ்சள்

கண்ணம்மா,

நீயும் பொடிசும் அசந்து தூங்குகிறீர்கள். எழுப்ப மனம் வரவில்லை. யார் வீட்டிலோ தொட்டி வழிகிறதாம், கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கொள். நம் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்ல பதினொரு மணிக்கு நர்ஸம்மா வந்தால், நான் தோற்றுவிட்டேன் என்று சொல்லிவிடு.

விடியும்போது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். திரைச்சீலை மூச்சு விடுவதுபோல உப்பி உப்பி அடங்கியது. எனக்கே கண் சொக்கியது. அப்போது ஒரு சின்ன முக்கல், என் நெஞ்செல்லாம் வெதுவெதுப்பு. நான்கு நாளாக வராதது மொத்தமும் என் சட்டையில்! மஞ்சளாக, கூழ் மாதிரி. கட்டியே இல்லை. பிறகு தூக்கத்திலேயே சிரித்தாள். அதே நேரம் தூக்கத்தில் நீயும் சிரித்தாய்.

"ரெண்டு மாசம் ஆச்சு, தாய்ப்பால் மட்டும் குடிக்குது, நாலு நாள் போகலைன்னா பரவாயில்லை. நல்லாக் குடிக்குது, ஒண்ணுக்குப் போகுது, வயிறு மெத்துன்னு இருக்கு, அப்புறம் என்ன?" என்று நேற்றுத் தலைபாடாக அடித்துக்கொண்டாய். குழாய் வேலைக்காரனுக்கு, வராததெல்லாம் அடைப்புதான். "உன் பால்லதான் ஏதோ கோளாறு" என்று கத்திவிட்டேன்.

அவளுக்கு வயிறு இளகட்டுமென்று உனக்குத் தெரியாமல் வாங்கி வைத்த சொட்டு மருந்தைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

ஓரத்தில் இன்னொன்று: சட்டை வாளியில் ஊறுகிறது, நீ தொடாதே. சாயங்காலம் நானே கசக்கிக்கொள்கிறேன், கறை போய்விடும். உன் பாலைக் குறை சொன்ன வார்த்தையைத்தான் எந்தத் தண்ணீரில் அலசுவது என்று தெரியவில்லை.