வீட்டில் கூப்பிடும் பெயர்

மாண்புமிகு நிதி அதிகாரி அவர்களுக்கு (டேய், உனக்குத்தான்),

ஆறு வருஷமாக உன்னோடு பேசவில்லை. இதையும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதே.

போரில் பிரிந்த குடும்பங்களைத் தேட ஐந்து அமைப்புகள் ஐந்து பட்டியல் வைத்திருந்தபோது, ஒன்றாக்குங்கள் என்று உங்கள் நிதிக் கூட்டத்தில் கத்தியவன் நான். படிவத்தில் ‘வீட்டில் கூப்பிடும் பெயர்’ என்று ஒரு கட்டமும் கேட்டேன். “இதென்ன கல்யாணப் பத்திரிகையா?” என்றாய். கூட்டமே சிரித்தது. நான் மறக்கவில்லை.

இந்த வருஷம் உன் கையெழுத்தில் ஒரே பட்டியலுக்கு நிதி வந்தது. படிவத்தில் என் கட்டமும் இருந்தது. யார் சேர்த்தது என்று நான் விசாரிக்கவில்லை.

வடக்கு முகாமில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. தன் பெயர் ‘ரயிலு’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாமல் எட்டு மாதம் இருந்தாள். தெற்கு முகாமில் ஒரு தாய், பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரைச் சொல்லியே மகளைத் தேடிக்கொண்டிருந்தாள். நேற்று புதுப் படிவத்தை நிரப்பும்போது சொன்னாளாம்: “ஒரு இடத்துல நிக்க மாட்டா சார், ரயிலுன்னுதான் கூப்பிடுவோம்.”

இன்று மதியம் எங்கள் அலுவலக வாசலில் வேனிலிருந்து இறங்கிய மகளைப் பார்த்ததும், “ஏண்டி, யாருடி உன் முடியை இப்படி வெட்டினது?” என்றாள். அப்புறம்தான் அழுகை. “நீ ஏன் இவ்ளோ லேட்டு?” என்று அதட்டியது அந்த வாண்டு. அலுவலகமே மேஜையைத் தட்டி ஆர்ப்பரித்தது. நான் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அந்தத் தாய் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். முழுவதையும் நானே வாங்கிக்கொண்டேன். பாதி உன்னுடையது. தபாலில் அனுப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள்.

கோபம் தீராத,
உன் பழைய அறைத்தோழன்