புகைபோக்கிக்குள் செருமியது

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். நேற்று அணைக்கட்டுக் குடிலுக்கு மாறினேன். அடுப்பு மூட்டக் குனிந்தால், புகைபோக்கிக்குள் அப்பா தொண்டையைச் செருமினார். தீக்குச்சி கையிலேயே அணைந்தது. கரி எடுக்கும் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். மீன் பிடிக்கும் ரம்ப அலகைத் திறந்து சீறியது கோஸ்கெலோ வாத்து. அடியில் முட்டைகள்.

உடன் வேலை செய்யும் ஹில்க்கா சிரித்தாள். “பொந்து மரத்தையெல்லாம் வெட்டிட்டீங்க, அது வேற எங்க போகும் இஞ்சினியரே? குஞ்சு பொரிச்சு வெளிய குதிக்கிறவரை அடுப்பு மூட்டாம குளிர்ல கிடங்க!”

அதனால் கம்பளிக் காலுறை அனுப்புங்கள்.

இன்னொன்று. அப்பா நம் ஏரிக்கரைப் பைன் மரத்தில் கட்டியிருந்த பலகை வாத்துக்கூட்டை நான்தான் இறக்கி, விறகாக்கச் சொன்னேன். எரிக்காதீர்கள், திரும்ப மாட்டச் சொல்லுங்கள். வலை எடுக்கப் போன அப்பாவை ஏரி இன்னும் திருப்பித் தரவில்லை. அந்தக் கரைக்கு எது வந்தாலும் நுழைய ஒரு வாசல் இருக்கட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

ஏர்க்கி